வேன் அண்ணன் பாடிய பாட்டு

போனில் நான் ஓர் ஆண். இதை நான் சொல்லவில்லை, போன் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பேக்டரி பஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக நான்தான் போன் எடுக்கிறேன். எந்த வேன் எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த டிரைவர் லீவு, எவனுக்கு டயர் பஞ்சர், எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஹலோ என்றதும் அந்தப் பக்கம் மலாய்க்காரர் என்றால் "என்சிக்" என்பார், அதாவது ஐயா. நம் ஆள் என்றால் "அண்ணே" என்பார். முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அண்ணன் சொன்னால் டிரைவர்கள் நேரத்துக்குக் கிளம்புகிறார்கள், அக்கா சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். கம்பெனிக்கும் அண்ணனே வசதியாக இருந்தான்.

வங்கிக்குப் போன் செய்தால்தான் தொல்லை. எங்கள் நாட்டு அடையாளக் கார்டில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது நான்கில் முடிகிறது. எண்ணைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்துப் பெண் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கார்டுக்கு உரியவரைப் பேசச் சொல்லுங்கள் என்பாள். உரியவர்தான் பேசுகிறேன் என்பேன். மனைவி சார்பாகக் கணவர் பேச முடியாது என்று மிக மரியாதையாக விளக்குவாள். ஒருமுறை கோபத்தில், இப்போது என் மனைவி குளிக்கிறாள், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சின்ன வயதிலேயே இப்படித்தான். ரெங்கத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தேன். அங்கே தமிழ்ப்பள்ளியில் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுத்த டீச்சர், என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, தோளைப் பிடித்துப் பையன்கள் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். பாட்டு எனக்கு வரும். சுருதி விலகாது. ஆனால் அந்த வரிசையில் இரட்டைச் சடையோடு நின்றவள் நான் ஒருத்திதான். என் தங்கையின் கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது பெண்கள் சேர்ந்து பாடினார்கள். நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில், மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த தங்கை என்னைக் கிட்டே இழுத்து என் காதில் சொன்னாள்: "அக்கா, வீடியோ எடுக்கறாங்க. நீ சும்மா வாய மட்டும் அசை." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கல்யாண வீடியோவில் ஆண் குரல் விழக்கூடாது, அவ்வளவுதான். நான் நன்றாகவே அசைத்திருக்கிறேன். வீடியோவைப் பார்த்தவர்கள் நான் உருகிப் பாடுவதாகச் சொன்னார்கள்.

எனக்கும் ஒரு வரன் வந்தது. பொந்தியானிலிருந்து. மாப்பிள்ளையின் அம்மா முதலில் போனில் பேசினார். நான் எடுத்தேன். பெண்ணின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். பெண் எப்படி, வாய் ஜாஸ்தியா என்று கேட்டார். ரொம்ப அமைதிங்க என்றேன். அந்த வாரமே பார்க்க வந்தார்கள். நான் காப்பியைக் கொடுத்து வாங்க என்றதும் அந்த அம்மா கப்பைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பதில் வரவில்லை. இப்போது எனக்கு நாற்பத்தேழு. அம்மா போய் நாலு வருஷமாகிறது. தங்கை கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள், சாப்பிட்டியா என்பாள், மருந்து எடுத்தியா என்பாள், இரண்டுக்கும் ம் என்பேன். பகலெல்லாம் முப்பது டிரைவர்களோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சனி ஞாயிறில், தொண்டையைச் செருமினால்தான் குரல் இருப்பதே எனக்குத் தெரியும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் என் வீட்டுக்கு இரண்டு நாள் வந்து இருந்து பார்க்கட்டும். எனக்குப் பழகவில்லை.

போன வருஷம் ஒரு நாள் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. ஜோகூர் பாருவிலிருந்து பொந்தியானுக்கு ஐந்து நாள், இரண்டு வேன் வேண்டும், சினிமா எடுக்கிறோம் என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். இருங்கள் என்று சொல்லிப் போனை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்கப் போனேன். வேன்களைத் தேடும்போது பாடுவது என் வழக்கம். வாய் அதுபாட்டுக்கு ஏதோ பாடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து போனை எடுத்தால், அவர் வேனை மறந்துவிட்டார்.

"அண்ணே, இப்ப யாருண்ணே பாடினது?"

"நாந்தான்."

"ஒரு ஆம்பள பொம்பள குரல்ல பாடினா எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்குண்ணே. நாலு மாசமா இதத்தான்ணே தேடறேன்."

அவர் அந்தப் படத்துக்கு இசையமைப்பாளர்; சின்னப் படம், வேன் பேசுவதும் அவர் தலையில்தான். பாட்டும் சிரிப்புமான படம். கதையையும் அப்போதே சொன்னார். சண்டை போட்டதால் எந்த இசைக்குழுவும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பாடகன். பெண்கள் மட்டும் இருக்கும் ஓர் இசைக்குழு, ஜோகூர் முழுக்க மேடைக் கச்சேரிக்குக் கிளம்புகிறது, ஒரு பாடகி குறைகிறது. இவன் சேலையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறான். கதாநாயகன் நன்றாகச் சிரிக்க வைப்பாராம், பாடத்தான் வராதாம். பாடகிகளைப் பாட வைத்தால் நிஜப் பெண்ணாகவே இருக்கிறது, சிரிப்பு வரவில்லை. பாடகர்களைப் பாட வைத்தால் கிண்டலாக இருக்கிறது, காது வலிக்கிறது. "நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்கண்ணே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னைப் பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் அவரைத் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். வேன் விஷயத்தை நான்தான் மறுபடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அந்த ஒலிப்பதிவுக் கூடம். நான் இருப்பதிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். படிக்கட்டு முனையில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நின்றுகொண்டு என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று கம்பெனிப் பெயர் போட்ட பைலை நீட்டினேன்.

"அண்ணன் வரலியா?" என்றார்.

"அண்ணன்தான் பேசறேன்" என்றேன்.

அந்த மனிதருக்கு முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. மன்னிப்புக் கேட்டார், நாற்காலியைத் துடைத்தார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி மன்னிப்புக் கேட்டார். நான்கு நிமிஷத்தில் அண்ணேயிலிருந்து அக்காவுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

முதல் மூன்று பாட்டும் சிரிப்புப் பாட்டு. நான் பாடினேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைச் சொறிந்தார். "நல்லா இருக்குக்கா. இன்னும் கொஞ்சம் பொம்பள மாதிரி பாடுங்க" என்றார். நான் பொம்பளதான் என்றேன். "தெரியும்க்கா. ஆனா ஒரு ஆம்பள, பொம்பளன்னா இப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு செய்வான் பாருங்க, அது வேணும்" என்றார். எழுந்து நின்று இடுப்பை ஒடித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்த பெண்களை எல்லாம் ஒரு சுற்று யோசித்துப் பார்த்தேன். யாரும் அப்படிக் கிடையாது. கடைசியில் எங்கள் டிரைவர் ஒருவர் ஞாபகம் வந்தது. டீ நேரத்தில் தன் பெண்டாட்டி பேசுவது போல மூக்கால் இழுத்து, குழைந்து பேசிக் காட்டுவார், மற்ற டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த மூக்கை அப்படியே எடுத்துப் பாட்டில் போட்டேன். இசையமைப்பாளர் கைதட்டினார். அந்த டிரைவரின் மனைவியை எனக்குத் தெரியும், மெதுவாகப் பேசுகிற பெண். அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாலாவது பாட்டு வேறு. படத்தின் கடைசியில், கச்சேரி முடிந்து எல்லோரும் போனபின், அவன் தனியாக உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து வளையலைக் கழற்றுகிறான், பொட்டை எடுக்கிறான், பொய்முடியைக் கழற்றுகிறான். பாடுகிறான். பெண் குரலில் ஆரம்பித்துத் தன் சொந்தக் குரலுக்கு வர வேண்டும். யாரையோ கூப்பிடுகிற பாட்டு. இப்போது வா, என் முகம் இதுதான், வந்து பார் என்கிற மாதிரி. சொந்தக் குரல் பகுதிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பாடகரை வரவழைத்து ஏற்கனவே பாட வைத்திருந்தார். என் குரலையும் அதையும் ஒட்டிப் பார்த்தோம். இரண்டு பேர் பாடுவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவர் பாட்டை நிறுத்தினார். பிறகு, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, அந்தப் பாதியையும் என்னையே பாடச் சொன்னார்.

அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒன்னும் செய்யாதீங்கக்கா. சும்மா பாடுங்க" என்றார்.

சும்மா பாடினேன். மூக்கு இல்லை, குழைவு இல்லை. ஆபீசில் பேசுகிற குரல், வங்கிக்காரி நம்பாத குரல், அதே குரலில் பாடினேன். ஒரே தடவைதான். முடித்ததும் அவர் உள்ளே வந்து, இன்னொரு தடவை வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அம்மா இருந்தபோதும் இருந்ததில்லை.

படத்தில் போட முழுப் பெயரை அனுப்பச் சொன்னார். இங்கே எனக்கு ஒரு விஷயம் முக்கியமாக இருந்தது. எங்கள் நாட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மலாயில் இரண்டெழுத்து போடுவார்கள். மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. என் பெயர் ஆணுக்கும் வைக்கிற பெயர், பெண்ணுக்கும் வைக்கிற பெயர். பிறப்பதற்கு முன்பே அப்பா முடிவு செய்துவிட்டார். ஆக, பெயரைப் பார்த்து நான் பெண் என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த 'பி' ஒன்றுதான் வழி. நான் இசையமைப்பாளரிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ஏ/பி என்று சரியாகப் போடுங்கள், அது போதும் என்றேன். கண்டிப்பாகக்கா என்றார். நான் எழுதி அனுப்பியதை அப்படியே படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களை எழுதுகிறவருக்கு அனுப்பியதையும் காட்டினார்.

தங்கையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. படம் வருகிறது, ஜோகூர் பாரு வந்தால் பார் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். அவள் வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டிச் சாமான் வாங்க வருகிறவள், அவள் போகிற பேரங்காடியிலேயே தியேட்டர் இருக்கிறது. நான் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது. பாட்டைக் கேட்டு, இது என் அக்கா என்று அவளாக எழுந்து உட்கார வேண்டும். கடைசியில் ஓடும் பெயரைப் பார்த்துப் பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் எல்லாம். உலகம் என்னை அண்ணன் என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒரே பாயில் பக்கத்தில் படுத்து வளர்ந்தவளுக்கு என் குரல் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

படம் வந்தது. குளுவாங்கில் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். இருபது பேர் இருப்பார்கள். மூன்று பாட்டுக்கும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். மூக்கு நன்றாக வேலை செய்தது. நாலாவது பாட்டு வந்தபோது சோளப்பொரி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண், "பாவம்லா அவன்" என்றாள். அவன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர், ஒப்பனைக்காரர், வேன் கொடுத்த எங்கள் கம்பெனி, எல்லாம் வந்து கடைசியில் பாடகர்கள் வந்தார்கள். என் பெயர், ஏ/எல், என் அப்பா பெயர்.

கார் நிறுத்தும் இடத்தில் நின்று இசையமைப்பாளருக்குப் போன் செய்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரியும். விசாரித்துவிட்டு அரைமணி நேரத்தில் கூப்பிட்டார். பெயர்களை எழுதியவர் நான் அனுப்பியதைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் வேலை செய்யும்போது பாட்டைக் கேட்டாராம். ஆம்பிளை பாடியிருக்கிறான், ஏ/பி என்று இருக்கிறதே, அடிக்கும்போது விரல் தவறியிருக்கும் என்று அவரே திருத்திவிட்டாராம். பொறுப்பான மனிதர். இணையத்தில் வரும்போது மாற்றிவிடுகிறோம் அக்கா என்றார் இசையமைப்பாளர். அவர் குரல் உடைந்திருந்தது. பரவாயில்லை என்று நான்தான் அவரைத் தேற்றினேன். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அழுதேன். அழுகைகூட எனக்குக் கட்டைக் குரலில்தான் வரும்.

எழுத்து போனால் போகட்டும், பாட்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். தங்கை பெயரைப் பார்த்தா கண்டுபிடிக்கப் போகிறாள்? கேட்டதும் தெரியும். அவள் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வாரம் ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் அவளாக இருக்கும் என்று எடுத்தேன். எல்லாம் டிரைவர்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். சாப்பிட்டியா என்றாள், மருந்து எடுத்தியா என்றாள். அப்புறம், நீ சொன்ன படத்தை நேற்று பார்த்தோம் என்றாள். அந்த ஆள் சேலையில் ஓடுவதைச் சொல்லிச் சிரித்தாள். நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கடைசில ஒரு பாட்டு வருதுல்ல, மேக்கப் கலைச்சுக்கிட்டே பாடறது. எனக்கு அழுகை வந்துருச்சுக்கா. இவரு கேக்கறாரு, சிரிப்புப் படத்துக்கு வந்து ஏன் அழுவறன்னு. யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னு கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்தேன். பாடினவரு பேரு அப்படியே உன் பேரு. அப்பா பேருகூட நம்ம அப்பா பேருதான். இவருகிட்ட காட்டப் போனேன். அப்புறம் பார்த்தா ஏ/எல்னு இருக்கு. சரி, வேற யாரோன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவள், அக்கா பெயரைப் பார்த்தவள், அப்பா பெயரைப் பார்த்தவள், ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு வேறு யாரோ என்று எழுந்து போயிருக்கிறாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை.

"அது நாந்தான்டி" என்றேன்.

விளையாடாதே என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி அந்தப் பாட்டின் கடைசி நாலு வரியைப் பாடினேன். பாதியிலேயே அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஏன் சொல்லவில்லை, எப்போது பாடினாய், என்னிடம் ஏன் மறைத்தாய் என்று வரிசையாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். வேன், அட்டவணை, டயர் கடை மாடி, எல்லாம். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இவ்வளவு நீளமான பேச்சு நடந்து பல வருஷமாகியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, "வா வான்னு கூப்பிடற பாட்டுல்ல அது. யார நெனச்சுக்கிட்டுக்கா பாடின?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம், அம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் அவ்வளவு நேரம் உண்மையாகவே பேசிவிட்டதால் அதையும் உண்மையாகச் சொன்னேன். "யாராச்சும் வேணுமேன்னு நெனச்சுப் பார்த்தேன். யாரும் வரல. அப்படியே பாடிட்டேன்."

அவள், சின்ன வயதில் இருட்டில் என்னை எழுப்புகிற குரலில் கேட்டாள்.

"நான்கூட வரலியாக்கா?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவளும் போனை வைக்கவில்லை.